வெடியும் வியூகமும் – 22: ஜபல்பூரில் உறங்கிய வரைபடங்கள்

சென்ற இதழில் சோவியத் யூனியனிடமிருந்து வந்த 130 மி.மீ. எம்-46 பீரங்கியோடு நிறுத்தியிருந்தோம். 27 கிலோமீட்டர் எறியக்கூடிய, எளிதில் பழுதாகாத, சிப்பாய்கள் நம்பிய பீரங்கி. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் அதன் வயது தெரிய ஆரம்பித்துவிட்டது. அது எறியும் குண்டு 33 கிலோ. மேற்கு நாடுகளோ 155 மி.மீ.க்கு மாறியிருந்தன, அந்தக் குண்டு 40 கிலோவைத் தாண்டும். இன்னொரு குறையும் இருந்தது. எம்-46 தன் குழலை 45 பாகைக்கு மேல் தூக்காது. எதிரி மலைக்கு அந்தப் பக்கச் சரிவில் உட்கார்ந்திருந்தால், குண்டு மேலே ஏறி ஏறக்குறையச் செங்குத்தாக விழ வேண்டும். அதற்கு ஹொவிட்சர் தேவை. எல்லையில் பாதி மலையாக இருக்கும் நாட்டுக்கு அது இல்லாமல் ஓடாது.

நான்கு நாடுகள் போட்டிக்கு வந்தன. ஸ்வீடனின் போஃபர்ஸ், பிரான்ஸின் சோஃப்மா, பிரிட்டன் முன்வைத்த எஃப்.எச்.70, ஆஸ்திரியாவின் ஜி.எச்.என்.45. பல ஆண்டு ஆய்வுகளில் முன்னால் நின்றது பிரெஞ்சுப் பீரங்கி. அதன் வீச்சு போஃபர்ஸைவிட அதிகம். 1986 பிப்ரவரியில் வரிசை தலைகீழானது. அந்த மாதம்தான் செங்கல்பட்டில் பிறந்தவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவருமான ஜெனரல் கே. சுந்தர்ஜி தரைப்படைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். வரிசை மாறியதற்கு ராணுவம் சொன்ன காரணம் ஒரு ரேடார். அமெரிக்காவின் ஏ.என்/டி.பி.க்யூ-37 பாகிஸ்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது. பறந்து வரும் குண்டின் பாதையைப் பிடித்து, அது கிளம்பிய இடத்தைச் சில நொடிகளில் கணக்கிட்டுச் சொல்லிவிடும் கருவி அது. அப்படிப்பட்ட கருவி எதிரி கையில் இருந்தால், சுட்ட இடத்திலேயே நிற்கும் பீரங்கி பிழைக்காது. சுட்டுவிட்டு இடம் மாற வேண்டும்.

போஃபர்ஸின் எஃப்.எச்.77பி-யில் அதற்கு வழி இருந்தது. பீரங்கியிலேயே ஒரு சிறு எஞ்சின். இழுத்துவந்த ஸ்கேனியா லாரியை அவிழ்த்துவிட்ட பிறகும் தானாகக் கொஞ்ச தூரம் நகரும். நிலைக்கு வரும், நிலையைவிட்டு ஓடும். முதல் மூன்று குண்டுகளைக் கால் நிமிடத்துக்குள் அடித்துவிடும். குண்டுவீச்சில் பெரும்பாலான சேதம் முதல் சில நொடிகளில்தான் நடக்கிறது. அதற்குப் பிறகு ஆட்கள் தரையில் படுத்துவிடுவார்கள், குழிக்குள் இறங்கிவிடுவார்கள். ஆகவே மணிக்கு எத்தனை குண்டு என்பதைவிட முதல் பதினைந்து நொடியில் எத்தனை என்ற கேள்வியே பீரங்கிக்காரர்களுக்கு முக்கியம். இந்தக் கணக்கை ஸ்வீடன்காரர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். கார்ல்ஸ்கோகா என்ற சிற்றூரில் இயங்கிய நிறுவனம் அது. நோபல் பரிசுகளை நிறுவிய ஆல்ஃப்ரெட் நோபல் தம் கடைசி ஆண்டுகளில் அதற்கு உரிமையாளராக இருந்தார். அவர் உலோகம் காய்ச்சிக்கொண்டிருந்த ஆலையைப் பீரங்கி வார்க்கும் பக்கம் திருப்பியவர் என்பதை, பரிசளிப்பு விழாக்களில் யாரும் நினைவூட்டுவதில்லை.

1986 மார்ச் 24 அன்று 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய். இடைத்தரகர் யாரும் இருக்கக் கூடாது என்பது இந்தியா விதித்த நிபந்தனை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், பிப்ரவரி 28 இரவு, ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒப்பந்தத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது, அப்போது யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை: இந்தியா விரும்பினால் இதே பீரங்கியைத் தன் நாட்டிலேயே செய்துகொள்ளலாம், அதற்கான தொழில்நுட்பத்தையும் வரைபடங்களையும் போஃபர்ஸ் தர வேண்டும். இந்த அத்தியாயம் உண்மையில் அந்தக் காகிதங்களைப் பற்றியது.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்த கதை, ஆகவே வேகமாகக் கடந்துவிடுவோம். 1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி, இந்த ஒப்பந்தத்துக்காகக் கமிஷன் கைமாறியது என்று செய்தி வெளியிட்டது. (வி.பி. சிங் பாதுகாப்பு அமைச்சர் பதவியிலிருந்து விலகியது இதற்காக என்று பலர் சொல்வார்கள். அவர் அதற்குச் சில நாள் முன்பே, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் விவகாரத்தில் விலகிவிட்டிருந்தார்.) 1988-ல் சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் தேடிப்பிடித்த ஆவணங்களைச் சென்னையிலிருந்து 'தி ஹிந்து' வெளியிட்டது. ஸ்விஸ் வங்கிக் கணக்குகளின் ரகசியப் பெயர்கள் சாதாரண வாசகருக்கும் மனப்பாடம் ஆயின. 1989 தேர்தலில் ராஜீவ் காந்தி ஆட்சி இழந்தார். கைமாறியதாகச் சொல்லப்பட்டது சுமார் 64 கோடி. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. மறைந்த ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டை 2004-லும் ஹிந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளை 2005-லும் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தாலியத் தொழிலதிபர் ஒட்டாவியோ குவாத்ரோச்சி மீதான வழக்கு 2011-ல் மூடப்பட்டது. தண்டனை பெற்றவர் எவரும் இல்லை.

இதில் ஒரு செய்தியை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். போஃபர்ஸைத் தேர்ந்தெடுத்த சுந்தர்ஜியே, 1987-ல் வேறொரு யோசனையை எழுத்தில் கொடுத்ததாகப் பின்னர் பேட்டியில் சொன்னார். ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுவோம் என்று மிரட்டினால் பணம் வாங்கியவர்கள் யார் என்பதை நிறுவனம் சொல்லிவிடும். அப்படி ரத்தே ஆனாலும் அந்தத் தாமதத்தை ராணுவம் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. பீரங்கி வேண்டும் என்று நின்ற மனிதர், உண்மை வெளிவருமென்றால் அந்தப் பீரங்கியை இழக்கவும் தயாராக இருந்தார். அரசாங்கம் செய்தது நேர்மாறு. ஒப்பந்தம் தொடர்ந்தது, பீரங்கிகள் வந்து சேர்ந்தன, பெயர்கள் வரவில்லை. பிறகு வந்த ஆட்சி நிறுவனத்தோடு வணிகமே வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. அதனால் உதிரிபாகங்கள் தடைப்பட்டன. இந்தியாவில் செய்யும் திட்டமும் நின்றது. காசு கொடுத்து வாங்கிய வரைபடங்கள் கட்டுக்கட்டாகப் படைக்கலத் தொழிற்சாலைகளின் அலமாரிகளுக்குப் போயின. யாரும் பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு ஒருவர் ஒரு குறிப்பு எழுதி, அதில் போஃபர்ஸ் என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தத் துணிச்சல் டெல்லியில் யாருக்கும் இருக்கவில்லை.

1999 மே மாதம். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மலைமுகடுகளில் பாகிஸ்தான் படையினர் குளிர்காலத்திலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மேலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் இருந்ததால், அவர்களது பீரங்கிகள் சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியையும் குறிவைக்க முடிந்தது. மே 9 அன்று கார்கில் ஊரின் வெடிமருந்துக் கிடங்கே குண்டுபட்டு எரிந்தது. முதல் வாரங்களில் நமது காலாட்படை, மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியாமல், போதிய பீரங்கி ஆதரவு சேர்வதற்குள் ஏறியது. விலை பெரிது. மே 29 அன்று படாலிக் பகுதியில் பிகார் ரெஜிமென்ட்டின் மேஜர் மாரியப்பன் சரவணன் வீழ்ந்தார். திருச்சியில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. தோலோலிங் சரிவில் மேஜர் ராஜேஷ் அதிகாரி, லெப்டினன்ட் கர்னல் ஆர். விஸ்வநாதன் என்று அடுத்தடுத்த நாட்களில் அதிகாரிகளே வீழ்ந்தார்கள். மறைவிடமே இல்லாத பாறைச் சரிவு அது. மேலே ஓர் இயந்திரத் துப்பாக்கி இருந்தால் கீழே ஒரு பட்டாளம் அசைய முடியாது.

ஜூன் 12 இரவு தோலோலிங்கை மறுபடி தாக்கியபோது நிலைமை வேறு. நூறுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் அந்த ஒரே முகட்டின் மேல் குவிக்கப்பட்டிருந்தன. மறுநாள் விடியலுக்குள் இரண்டாவது ராஜபுதனா ரைஃபிள்ஸ் உச்சியைப் பிடித்தது. கார்கில் போரின் திசை திரும்பியது அங்கேதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். திருப்பியதில் பெரும் பங்கு பீரங்கிப் படையினுடையது. ஜூன் 20-ல் கைப்பற்றப்பட்ட 5140 என்ற முகட்டுக்கு 2022-ல் 'கன் ஹில்' என்று பெயர் வைத்தது அந்தக் கடனை ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

மலையில் பீரங்கி சுடுவது சமவெளியில் சுடுவது போன்றதல்ல. இந்த முகடுகளுக்குக் கீழே உள்ள திராஸ் பள்ளத்தாக்கே பத்தாயிரம் அடிக்கு மேல். குறியிருப்பது பதினைந்தாயிரம், பதினாறாயிரம் அடியில். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. காற்றின் தடை குறைவதால் குண்டு கூடுதல் தூரம் போகும். சமவெளியில் முப்பது கிலோமீட்டரை எட்டத் திணறும் போஃபர்ஸ் அங்கே அதைத் தாராளமாகத் தாண்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தக் கோணத்தில், எவ்வளவு மருந்துக்கு, குண்டு எங்கே விழும் என்று சொல்லும் வீச்சு அட்டவணைகள் அந்த உயரத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. கொஞ்சம் குறைந்தால் ஏறிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் தலையில் விழும். கொஞ்சம் கூடினால் கத்திமுனை போன்ற முகட்டைத் தாண்டி ஆயிரம் அடி கீழே யாருமற்ற பள்ளத்தில் வெடிக்கும். காலாட்படையோடு சேர்ந்து ஏறிய பீரங்கிக் கண்காணிப்பு அதிகாரிகள், வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு குண்டையும் பார்த்துத் திருத்தம் சொல்லிச் சொல்லித்தான் குறியை எட்ட முடிந்தது. களத்தில் கிடைத்த அனுபவத்தைக் கொண்டே கணக்குகள் புதிதாகப் போடப்பட்டன.

இன்னொன்றும் செய்தார்கள். நூல்களில் ஹொவிட்சர் என்றாலே கண்ணுக்குத் தெரியாத குறியை மறைவிலிருந்து அடிப்பது. இங்கே, சாலையோரமாகப் பீரங்கியை நிறுத்தி, கண்ணுக்கு நேரே தெரியும் பதுங்குகுழியைப் பார்த்து நேராகச் சுட்டார்கள். 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள குண்டு ஒரு கல் அரணின் வாயில் நேராகப் போய் மோதினால் அங்கே என்ன மிஞ்சும்? இரவில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாட்டுக்கு, பத்தாண்டுக்கு மேலாக வசைச்சொல்லாக இருந்த பீரங்கி திடீரென்று கதாநாயகன் ஆனது.

வேடிக்கை என்னவென்றால், எந்தக் குணத்துக்காக அது பிரெஞ்சுப் பீரங்கியை முந்தியதோ, அந்தச் சுட்டுவிட்டு ஓடும் குணத்துக்கு திராஸில் இடமே குறைவு. ஒரு ரெஜிமென்ட்டை விரித்து நிறுத்தவே சமதளம் அரிதான பள்ளத்தாக்கில் எங்கே ஓடி ஒளிவது? கை கொடுத்தவை உயரத் தூக்கும் குழலும், வேகமான முதல் மூன்று குண்டுகளும், துல்லியமும்தான். ஆயுதம் வாங்கும்போது மனத்தில் இருக்கும் போர் வேறு, அது உண்மையில் சந்திக்கும் போர் வேறு. சுந்தர்ஜி இதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் காலமாகியிருந்தார்.

கார்கிலில் இந்தியப் பீரங்கிப் படை சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் சேர்த்து சுமார் இரண்டரை லட்சம். பீரங்கிகள், மார்ட்டர்கள், ராக்கெட் ஏவிகள் எல்லாம் சேர்த்து முந்நூறு. நாளொன்றுக்கு ஐயாயிரம் என்பது வழக்கம். திராஸின் டைகர் ஹில் முகட்டை மீட்ட நாளில் ஒன்பதாயிரம். இந்தக் கணக்கைப் பெருமைக்குரியதாக மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. அத்தனை குண்டு ஏன் தேவைப்பட்டது? குறி எங்கே என்று துல்லியமாகத் தெரியாததும் ஒரு காரணம். பாகிஸ்தானிடம் எதிரிப் பீரங்கியைக் கண்டுபிடிக்கும் ரேடார் இருந்தது. எந்த ரேடாருக்குப் பயந்து போஃபர்ஸை வாங்கினோமோ, அதைப் போன்ற ஒன்றை நாம் பதின்மூன்று ஆண்டுகளாக வாங்கவில்லை. நம் கையில் இருந்தவை மார்ட்டர்களைக் கண்டுபிடிக்கும் பழைய பிரிட்டிஷ் சிம்பலைன் ரேடார்கள். போருக்குப் பின் 2002-ல்தான் அமெரிக்காவிடம் அந்த டி.பி.க்யூ-37-யையே வாங்க ஒப்பந்தம் போட்டோம். பிறகு பெங்களூருவில் 'ஸ்வாதி' என்ற சொந்த ரேடார் உருவானது.

அதே டைகர் ஹில் மேல் ஜூன் 24 அன்று இன்னொரு விதமான தாக்குதலும் நடந்தது. விமானப்படையின் மிராஜ்-2000, இஸ்ரேலின் லைட்னிங் கருவியால் லேசர் ஒளியைக் குறி மேல் பிடித்து, வழிகாட்டும் குண்டை முகட்டிலிருந்த கட்டளை முகாம் மேல் போட்டது. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் எட்டாத உயரத்திலிருந்து விமானம் பறந்தது. மே மாதக் கடைசியில் ஒரு மிக்-21-ஐயும் ஒரு எம்.ஐ.-17 ஹெலிகாப்டரையும் இழந்து கற்ற பாடம் அது. அந்தப் போரில் போடப்பட்ட லேசர் குண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டரை லட்சம் ஒரு பக்கம், விரல்விட்டு எண்ணக்கூடியது மறு பக்கம். அடுத்த இருபது ஆண்டுகள் இந்திய ராணுவம் யோசித்துக்கொண்டிருந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைத்தான். 2019-ல் அவசரக் கொள்முதலாக வந்த அமெரிக்காவின் எக்ஸ்காலிபர், செயற்கைக்கோள் வழிகாட்டுதலால் குறியைத் தேடி விழும் பீரங்கிக் குண்டு, அந்த யோசனையின் ஒரு பதில்.

கார்கில் முடிந்த உடனே ஒரு பெரிய திட்டம் எழுதப்பட்டது. எல்லாப் பீரங்கிகளையும் படிப்படியாக 155 மி.மீ.க்கு மாற்றுவது, மொத்தம் 2,800 முதல் 3,000 வரை. இழுத்துச் செல்வது, தானே ஓடுவது, ஹெலிகாப்டரில் தூக்குவது என்று பல வகை. திட்டத்தில் பிழையில்லை. அதற்குப் பிறகு டெண்டர்கள் விடப்பட்டன, சோதனைகள் நடந்தன, ரத்தாயின. மறுபடி விடப்பட்டன, மறுபடி ரத்தாயின.

நமக்கு அருகிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியின் உடல் மேல், தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்தின் 155 மி.மீ. பீரங்கிக் கூண்டை ஏற்றி, 'பீம்' என்ற தானே ஓடும் பீரங்கி உருவானது. 2005-ல் டெனல், வேறொரு துப்பாக்கி ஒப்பந்தத்தில் கமிஷன் கொடுத்ததாகப் புகார் எழுந்து கறுப்புப் பட்டியலில் சேர்ந்தது. பீம் அதோடு முடிந்தது. பிகாரின் நாளந்தாவிலும் இதே கதை. 155 மி.மீ. பீரங்கியில் குண்டும் அதைத் தள்ளும் மருந்தும் தனித்தனி. போக வேண்டிய தூரத்துக்கு ஏற்ப மருந்துக் கட்டிகளை எண்ணிப் பின்னால் அடுக்குவார்கள். அந்தக் கட்டிகளைச் செய்ய ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில் அங்கே ஒரு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. தொழில்நுட்பம் தர வேண்டியது டெனல்; அது தடைபட்டது. பிறகு இஸ்ரேலிய நிறுவனம் ஒன்று வந்தது. 2012-ல் அதுவும் பத்தாண்டுத் தடைக்குள்ளானது. அதே உத்தரவில் சிங்கப்பூரின் பீரங்கி நிறுவனமும் போனது. உலகில் நல்ல 155 மி.மீ. பீரங்கி செய்பவர்களே ஏழெட்டுப் பேர்தான். ஒவ்வொருவராகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் யாரிடம் வாங்குவது? லஞ்சம் கொடுத்தவனைத் தடைசெய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. லஞ்சம் வாங்கியவரைக் கண்டுபிடிக்காமல் கொடுத்த நிறுவனத்தை மட்டும் விலக்கிவைத்தால், அடுத்த ஒப்பந்தத்திலும் வாங்குகிறவர் அதே நாற்காலியில் இருப்பார். பீரங்கிதான் இருக்காது.

இதே காலத்தில் ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் மட்டும் எப்படித் தடையில்லாமல் வந்தன என்பது யோசிக்க வேண்டிய விஷயம். புனேயில் உருவான பினாகா, 44 நொடியில் பன்னிரண்டு ராக்கெட்டுகளை ஏவும். கார்கிலிலேயே சோதனையாகச் சுடப்பட்டு, பின்னர் படையில் சேர்ந்தது. அதன் வழிகாட்டப்பட்ட வடிவம் 75 கிலோமீட்டர் போகிறது. ரஷ்யாவின் ஸ்மெர்ச் ராக்கெட் ஏவி வந்தது. ரஷ்யாவோடு கூட்டாக உருவான பிரம்மோஸ் 2001-ல் முதல்முறை பறந்து, 2007-ல் தரைப்படையில் சேர்ந்தது. 2020 முதல் தஞ்சாவூர் விமானத் தளத்தின் சுகோய்-30 விமானங்களிலும் தொங்குகிறது. இவை எல்லாமே ஒன்று உள்நாட்டு அரசு ஆய்வகத்தில் செய்தவை, அல்லது ஓர் அரசு இன்னோர் அரசோடு நேரடியாகப் பேசி வாங்கியவை. திறந்த போட்டி கிடையாது. போட்டி இல்லாத இடத்தில் தோற்றவர் இல்லை. தோற்றவர் இல்லாவிட்டால் மொட்டைக் கடிதமும் இல்லை. கடைசியாக வெளிநாட்டிலிருந்து வந்த புதிய ஹொவிட்சரும் அதே வழியில்தான் வந்தது. 2016-ல் அமெரிக்க அரசு மூலமாக 145 எம்-777 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம். 2017 மே மாதம் முதல் இரண்டு வந்திறங்கின. டைட்டேனியத்தால் ஆனதால் எடை நான்கு டன் சொச்சம்தான், ஹெலிகாப்டர் தூக்கிப் போகும். போஃபர்ஸுக்கு அடுத்தபடி இந்தியா வாங்கிய வெளிநாட்டு ஹொவிட்சர் இது. இதைச் செய்வது பி.ஏ.இ. சிஸ்டம்ஸ். கைமாறிக் கைமாறி, போஃபர்ஸின் பீரங்கிப் பிரிவு 2005-ல் போய்ச் சேர்ந்த நிறுவனமும் அதுதான்.

இனி அலமாரிக்கு வருவோம். 2010-க்குப் பிறகு, வெளியே வாங்க முடியாது என்பது தெளிவான நிலையில், யாரோ சிலருக்கு அந்த வரைபடங்கள் நினைவுக்கு வந்தன. 1904-ல் பிரிட்டிஷார் தொடங்கிய ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. வரைபடத்தில் இருப்பதை அப்படியே நகலெடுக்கவில்லை. போஃபர்ஸின் குழல் 39 காலிபர். அதாவது 155 மி.மீ.யைப் போல் 39 மடங்கு நீளம், ஆறு மீட்டர். புதியதற்கு 45 காலிபர், ஏழு மீட்டர். குழல் நீளும்போது பின்னாலிருந்து வாயு குண்டைத் தள்ளும் நேரம் கூடுகிறது. வேகமும் தூரமும் கூடுகின்றன. வீச்சு 38 கிலோமீட்டருக்குப் போனது. ஆனால் குழலை நீட்டினால் எடை முன்னால் சாயும், அதிர்வு கூடும், தாங்கும் பாகங்கள் எல்லாம் மாற வேண்டும். முப்பது ஆண்டுக்கு முந்தைய ஸ்வீடன்காரரின் கணக்கு ஒரு தொடக்கம் மட்டும்தான். அதோடு, தான் நிற்கும் இடத்தைத் தானே அறியும் கருவி, குண்டு வாயைவிட்டு வெளியேறும் வேகத்தை அளக்கும் ரேடார், எறிகணக்குப் போடும் கணினி ஆகியவை புதிதாகச் சேர்ந்தன.

2013-ல் சோதனையின்போது குழல் வெடித்தது. 2017-ல் குண்டு வெளியேறும்போது குழலின் வாயிலிருந்த மஸில் பிரேக்கில் உரசியது. அதே ஆண்டு, ஜெர்மனியில் செய்தது என்று சொல்லிச் சீனாவில் செய்த பேரிங்குகளை விற்றதாக டெல்லியைச் சேர்ந்த ஒரு சப்ளையர் மீது சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. பழைய வழக்கமாக இருந்தால் திட்டமே மூடப்பட்டிருக்கும். இந்த முறை மூடவில்லை. விசாரணை ஒரு பக்கம், சோதனை ஒரு பக்கம் என்று நடந்தது. முப்பது ஆண்டுகளில் டெல்லி கற்றுக்கொண்ட மிகப் பயனுள்ள பழக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். 2019 ஏப்ரல் 8 அன்று 'தனுஷ்' என்ற பெயரில் முதல் ஆறு பீரங்கிகள் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. கேட்டது 114. அதன்பின் உற்பத்தி நத்தை வேகத்தில்தான் போனது. அரசுத் தொழிற்சாலைகளின் பழைய நோய் ஒரு நல்ல வரைபடத்தால் தீர்ந்துவிடாது.

தனியார் பக்கம் வேகம் வேறு மாதிரி இருந்தது. தென்கொரியாவின் கே-9 பீரங்கியை லார்சன் அண்ட் டூப்ரோ குஜராத்தின் ஹசீராவில் 'வஜ்ரா' என்று செய்தது. நூறு பீரங்கிக்கு 2017-ல் ஒப்பந்தம், 2021 பிப்ரவரியில் நூறாவது வெளியே வந்தது. பாலைவனத்துக்காக வாங்கியவற்றில் சில, சீனாவோடு பதற்றம் வந்ததும் லடாக் ஏறின. மறுபடியும் அதே கதை, வாங்கும்போது நினைத்த போர் வேறு. 2024 டிசம்பரில் இன்னும் நூறுக்கு உத்தரவு போனது. புனே ஆய்வகம் வடிவமைத்து பாரத் ஃபோர்ஜும் டாட்டாவும் செய்யும் 52 காலிபர் பீரங்கி, எட்டு மீட்டர் குழலோடு 2017 சோதனையில் 47 கிலோமீட்டருக்கு மேல் எறிந்தது. 2025 மார்ச்சில் 307-க்கு ஒப்பந்தம். இரண்டு தனியார் நிறுவனங்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1999-ல் எழுதிய மூவாயிரத்தோடு ஒப்பிட்டால் எல்லாம் சேர்ந்தும் இன்னும் கால்வாசிதான்.

கார்ல்ஸ்கோகாவோடு நமக்கிருந்த கணக்கு 1986-ல் தொடங்கியதல்ல. 1960-களிலேயே அதே நிறுவனத்திடம் 40 மி.மீ. எல்-70 என்ற விமான எதிர்ப்புப் பீரங்கியை வாங்கி, பிறகு இங்கேயே செய்தும்வந்தோம். அதைப் பற்றி எந்தப் புகாரும் எழவில்லை, யாரும் நினைவில் வைத்திருக்கவும் இல்லை. ஜெட் விமானங்களின் வேகத்துக்கு முன்னால் அதற்கு வேலை முடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதற்குப் புதிய கண்களையும் மோட்டார்களையும் பொருத்தியது. 2025 மே மாதம் எல்லையோரம் இரவுகளில் கூட்டம் கூட்டமாக ட்ரோன்கள் வந்தபோது, அவற்றைச் சுட்டு வீழ்த்தியவற்றில் இந்த அறுபதாண்டுக் கிழவனும் ஒன்று. ஏவுகணை விலை எங்கே, ட்ரோன் விலை எங்கே, நடுவில் ஒரு 40 மி.மீ. ரவையின் விலை எங்கே என்ற கணக்கை அந்த இரவுகள் மறுபடி எழுதவைத்தன. எல்-70-லிருந்து ஆகாஷ், எஸ்-400 வரை வந்த வான்காப்பின் கதையை அடுத்த இதழில் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

(தொடரும்)